இடது காது இல்லாத போட்டோ

கோச்சடை, மதுரை
21-2-2004

அன்பு மகள் வசுந்தராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மீனாட்சி புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்னதும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் எதிரிலேயே என்ன பேச முடியும்? இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, காலில் வீக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லு, ஆபீஸ் ஆபீஸ் என்று ஓடாதே.

என் விசா இன்னும் ஒரு அடி நகரவில்லை, அதற்குக் காரணம் உன் அப்பா. பொங்கல் முடிந்த கையோடு நீ அனுப்பிய அழைப்புக் கடிதம் வந்துவிட்டது, மற்ற காகிதம் எல்லாம் தயார், பாக்கி என் போட்டோ ஒன்றுதான். டிராவல்ஸ் நடத்துகிற காசிமாயன் இரண்டு அங்குலச் சதுரம், முகம் நடுவில் இருக்க வேண்டும், சுற்றி வெள்ளை பார்டர் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஸ்டுடியோவுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். மாப்பிள்ளை கேமரா, கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் வாங்கி வைத்து, எப்படிச் செய்வது என்று நோட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கும்போது ஸ்டுடியோ எதற்கு, நானே போட்டுத் தருகிறேன் என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து ஐந்து வாரம் ஆகிறது வசு. முதல் போட்டோவில் என் இடது காது இல்லை. காசிமாயன் அதைப் பார்த்துவிட்டு, என்னம்மா, இந்தப் பக்கம் இம்புட்டு வெள்ளை கிடக்கு, அந்தப் பக்கம் காதையே காணோம், மாத்திக் கொண்டாங்க என்று சொல்லிவிட்டார். அடுத்ததில் காது வந்தது, உச்சந்தலை போனது. அதற்கு அடுத்ததில் முகம் சரி, ஆனால் பார்டர் ஒரு பக்கம் வேட்டிக் கரை அகலம், மறு பக்கம் நூல் அளவு. இப்படி ஏழு போட்டோ. ஏழு தடவை வெயிலில் பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போய், ஏழு தடவை திரும்பி வந்தேன். கடைசித் தடவை பக்கத்தில் நின்ற உன் அப்பாவைக் கடை வாசலிலேயே நம் வீட்டுப் பாஷையில் திட்டிவிட்டேன், காசிமாயனுக்குப் புரியாது என்கிற தைரியம்தான். சித்திரைக் கடைசியில் உனக்குப் பிரசவம், இப்போதே மாசி பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. நீ அங்கே தனியாகக் கிடந்து வலியில் துடிப்பாயோ என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை, இவரானால் மவுஸைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் மேல் பழி போடுகிறார்.

பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருஷம் வரைபடம் போட்ட மனிதர். ஒரு கோடு தள்ளிப்போனால் தாளையே கிழித்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார், உன் பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் மார்ஜின் போட்டுக் கொடுத்த கை அது. அந்தக் கைக்கா இது வரவில்லை என்று எனக்கு ஆத்திரம். போன செவ்வாய்க்கிழமை அடுத்த வீட்டு இருளாயி, தன் மகள் சத்யப்ரியாவின் நர்சிங் விண்ணப்பத்துக்கு ஒரு போட்டோ போட்டுத் தரச் சொல்லிக் கேட்டாள். பத்தே நிமிஷம். காபியோடு பின்னால் நின்று பார்த்தேன். பார்டர் வைக்கும்போது திரையில் ஒன்பது கட்டம் வருகிறது, அதில் நடுக்கட்டத்தைத் தட்டினால் நாலு பக்கமும் சமமாக வெள்ளை ஏறுகிறது, ஓரத்துக் கட்டத்தைத் தட்டினால் ஒரு பக்கம் மட்டும் ஏறுகிறது. அவர் யோசிக்கவே இல்லை, நேராக நடுக்கட்டத்தைத் தட்டினார். என் முகத்துக்கு மட்டும் எந்தக் கட்டத்தைத் தட்டினீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, இருளாயி நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

நேற்று அவர் சமயநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, மாப்பிள்ளையின் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மவுஸ் என் சொல் பேச்சைக் கேட்கவில்லை, இரண்டு தடவை என் கழுத்தை நானே வெட்டினேன். ஆனாலும் விடவில்லை. முகத்தைச் சுற்றிக் கட்டம் இழுத்து, இரண்டு பக்கமும் இடம் சமமா என்று பார்த்து வெட்டி, நடுக்கட்டத்தைத் தட்டி, பிரிண்டும் எடுத்துவிட்டேன். அவருடைய இரும்பு ஸ்கேலையே வைத்து அளந்தேன், இம்மி பிசகவில்லை. இன்றைக்கு வரட்டும், முகத்துக்கு எதிரே நீட்டி நாலு வார்த்தை கேட்கிறேன் என்று இருந்தேன். போட்டோவைக் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்தி வைக்கப் போகும்போதுதான் மற்ற போட்டோக்கள் வரிசையாகத் தெரிந்தன. என்னுடைய ஏழு கோணல் முகமும் இருந்தது. அதற்கு மேலே இன்னொன்று, உன் அப்பாவுடையது. மாப்பிள்ளை வாங்கி வந்த நீலச் சட்டை, படிய வாரிய தலை, இரண்டு அங்குலச் சதுரம், முகம் நட்ட நடுவில். தேதியைப் பார்த்தேன். புரட்டாசியில் நீ நல்ல செய்தி சொன்னாயே, அதற்கு மறுநாள்.

நீ அனுப்பிய அழைப்புக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன் வசு. அதில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. குளிர் எனக்கு ஒத்துக்காது, நீ போயிட்டு வா என்று அவர் சொன்னபோது நீயும் சரி என்றாய், நானும் சரி என்றேன். இரண்டாவது தடவை யாரும் கேட்கவில்லை. உன் மேல் எனக்குக் கோபம்தான், என் மேல் அதைவிட அதிகம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு என் போட்டோவைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். அவர் தாம்பூலப் பையோடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், இன்னொரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா என்றார். போடுங்கள், அவசரமில்லை என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அதனால் இந்தக் கடிதம் கண்டவுடன் அப்பா பெயரையும் சேர்த்துப் புது அழைப்புக் கடிதம் அனுப்பு. பங்குனி பத்துக்குள் கொடுத்தால் போதும் என்று காசிமாயன் சொல்லியிருக்கிறார், அதுவரை நான் பொறுத்துக்கொள்கிறேன். நான் எழுதியதாக மூச்சு விடாதே, நீயாகக் கேட்பது போல் போனில் கேள். முதலில் குளிர் என்பார், பிறகு செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பார். மூன்றாவது தடவையும் கேள்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. நீ மஞ்சள் குங்குமத்தோடு, நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வயது இருக்க வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதே. அது ஐந்து மாதமாகத் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. மீனலோசனி