இடக்காலுக்கு வேலையில்லாத கார்

டிசம்பர் 9, திங்கள்

இன்றும் அதே சனியன். கந்தோரில் வேலை முடிந்து செங்கலடிச் சந்தியில் வலப்பக்கம் திருப்புகிறேன் — எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை. ஒருவழியாகப் பிடித்து இழுத்தது. நாவற்குடா வந்து சேருவதற்குள் சட்டையெல்லாம் வியர்வை.

எல்லாம் தங்கச்சி புருசன் சதீசன் பார்த்த வேலை. போன மாத வெள்ளத்தில், சித்தாண்டியில் அவர்கள் வீட்டில் நின்ற என் காரை உழவு மெசினில் கட்டி இழுத்தவர். ஓட்டோமெட்டிக் காரைச் சில்லு உருள இழுத்தால் கியர்பெட்டி எரிந்துபோகும் என்று யூடியூபில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள். இவருக்கு மட்டும் தெரியாது!

டிசம்பர் 10

சதீசனுக்குப் போன் எடுத்து நன்றாக ஏச்சுக் கொடுத்தேன். "சரி மச்சான்" என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் 12

பயமாக இருக்கிறது. எனக்கு இடக்கால் முழங்காலுக்கு மேலே இல்லை. கிளச் மிதிக்க ஏலாது. தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கார்தான், ஆனால் ஒன்பது வருசமாக இதுதான் என்னைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறது. இது போனால் இன்னொன்று வாங்க வழியில்லை. மறுபடியும் பஸ் படியில் யாராவது கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். "பாவம், இடம் குடுங்க" என்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்தப் 'பாவம்' — என்னால கேக்க ஏலா. சத்தியமா ஏலா.

டிசம்பர் 14, சனி

காத்தான்குடி, மெக்கானிக் ஹலீம் காக்காவின் கராஜ். ஊருக்கெல்லாம் அவர் 'காக்கா', அண்ணன். "பெட்டி எரிஞ்சிட்டு காக்கா, மச்சான் இழுத்து—" என்று தொடங்கினேன்.

"வைத்தியரு நீங்களா, நானா?"



அவர் எதையும் கழற்றவில்லை. பிரேக்கை மிதித்தபடி முன் கியருக்குப் போட்டுவிட்டு, கண்ணை மூடி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. அப்போதுதான் கார் மெல்லக் குலுங்கியது. "உடன புடிக்கணும். இது யோசிச்சிப் புடிக்கிது." பிறகு எஞ்சினை நிறுத்தி, கியர்பெட்டி எண்ணெயின் அளவுக் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து மணந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். நல்ல சிவப்பு. "கருகின மணம் இரிக்கா? எரிஞ்ச பெட்டி எண்டா இது கோப்பி மாதிரி இரிக்கும்."

அப்படியென்னதான் உள்ளே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். கராஜில் கிடந்த இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்தார். ஒன்றுக்கு மட்டும் கரண்ட். மற்றதன் வயர் சும்மா தொங்குகிறது — அதுவும் மெல்ல அசைந்து, சுற்றத் தொடங்கியது!

"எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவுல இதுதான் தம்பி. காத்துக்குப் பதிலா எண்ணெய்."

"இரும்பு இரும்பைப் பிடிச்சுத் தள்ளுறல்லயா?"

"வெளிக்கிடக்குள்ள இல்ல. ஓடத் தொடங்கி வேகம் எடுத்தாப் பிறகுதான் இரும்பு புடிக்கும்."

கடவுளே. ஒன்பது வருசமாகக் கல்லடிப் பாலத்தால் என்னையும் ஒரு டன் இரும்பையும் தள்ளிக்கொண்டு போனது ஒரு எண்ணெயா? கியரை மாற்றுவதும் அந்த எண்ணெயின் அழுத்தம்தானாம். அதற்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. மேட்டில் ஏறும்போது எப்போது மாற்ற வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த மின்விசிறிகளின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ.

"எண்ணெய் பாக்கிறீங்களா?" என்றார் காக்கா.

"மாதாமாதம். நிறைய இருக்கு."

"எஞ்சின நிப்பாட்டிப்போட்டா?"

"ஓம். வேற எப்பிடி?"

சிரித்தார். எஞ்சினை ஓடவிட்டு, நன்றாகச் சூடேறியபின் கம்பியை உருவினார். நுனி காய்ந்திருந்தது. "நிண்டா எண்ணெய் எல்லாம் கீழ வடிஞ்சி, நிறைஞ்ச மாதிரிக் காட்டும். இத ஓடவிட்டுத்தான் பாக்கணும்." அந்த எண்ணெய் சூடு ஆற ரேடியேட்டருக்குப் போகும் குழாய் நெடுநாளாகக் கசிந்திருக்கிறது. சந்தியில் திருப்பும்போது மிச்சமிருந்த எண்ணெயும் ஒரு பக்கம் ஒதுங்க, பிடி விட்டுப்போயிருக்கிறது.

"அப்ப, மச்சான் இழுத்தது?"

"அதால ஒண்டும் ஆகல்ல. மெல்லமா இழுத்திருக்காரு மனுசன்."

எஞ்சின் எண்ணெய் பார்ப்பதுபோலவே இதையும் பார்த்திருக்கிறேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன, குறைந்தா போவேன்? நான்தான். நானேதான்.

டிசம்பர் 15

தங்கச்சி நிருஷாவுக்குப் போன் எடுத்தேன். நடக்கிற வேகத்தில்தான் இழுத்தாராம், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. "விதைநெல்லு நனையுது எண்டு நான் கத்துறன் அண்ணன். நெல்லு வேற வாங்கலாம், மச்சானுக்குக் கால் அதுதான் எண்டுட்டுப் போனவர்."



டிசம்பர் 18

குழாய் மாற்றி, எண்ணெய் விட்டாயிற்று. செங்கலடிச் சந்தி — ஒரு சத்தமில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

சித்தாண்டி. சதீசன் உழவு மெசினைக் கழுவிக்கொண்டு நின்றார். "பிழை என்னிலதான் மச்சான். மன்னிச்சிக்க" என்றேன். "விடு மச்சான், தேத்தண்ணி குடி" என்றார். யாருக்கும் கொடுத்திராத கார்த் திறப்பை, ஓட்டிப் பார் என்று அவரிடம் நீட்டினேன்.

ஏறினார், பக்கத்தில் நான். ஐந்து அடி போகவில்லை, இடக்கால் கிளச்சைத் தேடிப் பிரேக்கை மிதித்தது. இருவருக்கும் நெற்றி உடையப் பார்த்தது. மறுபடியும் அதே.

"அந்தக் கால மடக்கி வை. அது இல்லையெண்டு நினைச்சுக்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தோம்.

இடக்காலை மடக்கிக்கொண்டு மெல்லப் பிரேக்கை விட்டார். கார் தானாக ஊர்ந்தது.

"மச்சான், நான் ஒண்டையும் மிதிக்கல்ல! இது போகுது!"

"வீட்ட ரெண்டு மேசை ஃபேன் இருக்கா?" என்று கேட்டேன்.