உன் முகம் தெரியாத அணி

யெசெனிட்சே,
புதன்கிழமை, செப்டம்பர் 26.

அன்புள்ள தாமியானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். நாளைக் காலை சோரான் விமானம் ஏறுகிறார். இருபது வருஷமாக நம் ஐஸ் ஹாக்கி கிளப்பில் எல்லோருடைய ஸ்கேட்டையும் தீட்டிக் கொடுத்த மனுஷரை, சனிக்கிழமை இறுதி ஆட்டம் பார்த்துவிட்டு வரட்டும் என்று கிளப்பே அனுப்புகிறது. அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். போனில் பேசினால், "நல்லா இருக்கேன், நேஷாகிட்ட குடு" என்று முடித்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் நேஷாவிடம் கொடுக்க முடியாது.

நேஷாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. "அப்பா மாதிரி ஆயிட்டேன்" என்று கண்ணாடி முன்னால் நின்று ஒரே பெருமை. பள்ளியில் யாரோ, "உங்க அப்பா எந்த நாட்டுக்கு ஆடறாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். "எட்டு நாட்டுக்கு" என்றாளாம். எட்டுச் சின்ன நாடுகள் சேர்ந்து ஒரே அணியாக ஆடுவது அவளுக்கு அப்படித்தான் புரிந்திருக்கிறது. அப்படியானால் ஜெயித்தால் யாருடைய நாட்டுப்பண் போடுவார்கள் என்று என்னைக் கேட்டாள். உன் அப்பா, "எட்டையும் போட்டா முடியறதுக்குள்ள ஐஸ் உருகிடும்டி" என்றார்.

உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. உன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு காலையிலேயே காபிக் கடைக்குப் போய்விடுகிறார். "எட்டு நாட்டுக்காரனுங்க ஒரே பஸ்ல ஏறினா எங்க இறங்கறதுன்னே அடிச்சுக்குவானுங்கன்னு நெனச்சேன். ஃபைனல்ல போய் இறங்கியிருக்கானுங்க பாரு" என்று ஒரே பேச்சையே தினமும் புதிதாகச் சொல்கிறார். சனிக்கிழமை நம் ஹாக்கி அரங்கத்தில் பெரிய திரை கட்டுகிறார்கள். ரயில்வே ஸ்டேஷனில் என் கவுண்டரில் டிக்கெட் வாங்க வருகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று சொல்வதற்கு முன்னால் உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள். பெரிய நாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் வருஷா வருஷம் வரும். நம்மைப் போன்ற துக்கடா நாட்டில் பிறந்தவனுக்கு ஆயுளில் ஒரு தடவை வந்தாலே அதிகம். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

அரையிறுதியை எல்லோரோடும் உட்கார்ந்துதான் பார்த்தேன். இரண்டாம் பகுதியில் அந்த நெட்டை ஸ்வீடன்காரன் உன்னை ஐஸைச் சுற்றியுள்ள பலகையோடு சேர்த்து மோதினான். நீ உடனே எழுந்துவிட்டாய். எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் நீ நேராக ஸ்வீடன்காரர்களின் பெஞ்சுக்குப் போய் உள்ளே நுழையப் பார்த்தாய். வர்ணனையாளர், "ஆறு வருஷம் அங்க கிளப்ல ஆடினவராச்சே, பழைய சிநேகிதங்களைக் குசலம் விசாரிக்கப் போறாரு போல" என்றார். அரங்கமே சிரித்தது. உன் அப்பாவும் தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார், சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து என் மனதில் இது ஒன்றுதான் ஓடுகிறது. இதுவே நம் கிளப்பாக இருந்தால் நீ பெஞ்சுக்கு வந்து சேர்வதற்குள் சோரான் உன் கண்ணைப் பார்த்தே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி உடை மாற்றும் அறைக்கு அனுப்பியிருப்பார். அங்கே உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் மூன்று வாரத்துப் பழக்கம். நீ பேச்சின் நடுவில் நின்றுபோனால், இவன் இயல்பே இப்படித்தான் என்று நினைப்பார்கள். வெளிச்சம் பிடிக்காமல் திரையை இழுத்து மூடினால், ஸ்லோவேனியாக்காரர்கள் இருட்டில் தூங்குகிறவர்கள் போலும் என்பார்கள். உன் சாதாரண முகம் எது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் கிரானியிலிருந்து போன் செய்தாயே, நினைவிருக்கிறதா? நாலு வருஷம் ஆடிய ஊர். "வீட்டுக்கு வர எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேட்டாய். நான் ஏதோ பால் வாங்கி வரச் சொல்வதுபோலத்தான் வழி சொன்னேன். நீ வந்தாய், சூப் குடித்தோம், இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நேஷா கரண்டியைத் தட்டினாள் என்று நீ கத்தியதற்கும் அவளைத்தான் கடிந்துகொண்டேன். குழந்தைமேல் என்ன தப்பு?

இதில் என் பங்கும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை. அணியில் சேருமுன் தலைக்கு ஒரு நினைவுச் சோதனை வைப்பார்கள், அதில் வேண்டுமென்றே மதிப்பெண்ணைக் குறைத்து வாங்க வேண்டும் என்று நீதான் எனக்கு விளக்கினாய். நல்ல நிலையிலேயே மந்தமாகக் காட்டிக்கொண்டால், அடிபட்ட பிறகு எடுக்கும் சோதனையும் அதோடு ஒத்துப்போகும், யாரும் வெளியே உட்கார வைக்க மாட்டார்கள். எல்லோரும் செய்வதுதான் என்றாய். நானும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஐந்தைந்து வார்த்தையாகச் சொன்னேன். குதிரை, ஜன்னல், உப்பு, பாலம், தொப்பி. நீ மூன்றை மட்டும் சொல்லிவிட்டு இரண்டை மறந்ததுபோல் நடித்தாய். "நாடகத்துல சேர்ந்திருக்கலாம் நீ" என்று சிரித்தேன். எந்த இரண்டை மறைத்தாய் என்று கேட்டதற்கு நீ எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாய். அது நடிப்பல்ல என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேசினோம் அல்லவா? பதினோரு நிமிஷம். உன் அறைத் தோழன், அந்த டென்மார்க் கோல்கீப்பர் ஆஸ்கெர், காலுறையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டால்தான் ஜெயிப்போம் என்று எல்லோரையும் படுத்துகிற கதையைச் சொன்னாய். நன்றாகச் சிரித்தேன். நாலு நிமிஷம் கழித்து அதே கதையை முதலிலிருந்து சொன்னாய். அப்போதும் சிரித்தேன். போனை வைத்த பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இந்த ஊரில் ஒருவன் காயத்தை இன்னொருவர் வெளியே சொல்வதில்லை. உன் அப்பா ஆலையில் விரல் நசுங்கியபோது, கையுறைக்குள் கையை மறைத்துக்கொண்டு ஷிஃப்டை முடித்தவர். நேற்று அவரிடம் இதைப் பேசினேன். "ஒரே ஒரு ஆட்டம்தானே போலோனா, அதை மட்டும் ஆடட்டுமே" என்றார். பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். போகும்போது தொப்பியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

தாமியான், நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. சோரானிடம் இரண்டு கடிதங்கள் கொடுக்கிறேன். ஒன்று இது. இன்னொன்று உங்கள் அணி மருத்துவருக்கு. அவர் சுவிஸ்காரர் என்றாய், ஸ்டேஷனில் ஆஸ்திரியாக்காரர்களோடு பேசிப் பழகிய என் ஓட்டை ஜெர்மனிலேயே எழுதியிருக்கிறேன். ஜனவரியில் ஸ்வீடனில் பட்ட அடி, வசந்தத்தில் பயிற்சியில் பட்டது, கிரானியிலிருந்து வந்த போன், சமையலறை மேஜை, இரண்டு முறை சொன்ன கதை, ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். முதலில் அதைக் கொடுக்க வேண்டும், அவர் படித்து முடித்த பிறகுதான் இதை உன்னிடம் தர வேண்டும் என்று சோரானிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவர் அழுதுகொண்டே தலையாட்டினார். ஆகவே உன்னிடம் நான் அனுமதி கேட்கவில்லை. சனிக்கிழமை நீ ஆடமாட்டாய்.

உன் ஆயுளின் ஒரே இறுதி ஆட்டத்தை உன் கையிலிருந்து பிடுங்கியவள் நான். ஊர் என்னை மன்னிக்காது. ஸ்டேஷனில் டிக்கெட் வாங்குகிறவர்கள் சில்லறையை என் முகம் பார்க்காமல் எடுத்துக்கொள்வார்கள். போகட்டும். நீயும் மன்னிக்க வேண்டாம். கோபத்தோடேயே வீட்டுக்கு வா. பேசாமல் இரு, தட்டைத் தள்ளு, எது வேண்டுமானாலும் செய்.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். நாற்பது வருஷம் கழித்து, எனக்கே எல்லாம் மறந்துபோன பிறகும், நான் உனக்குச் செய்த இந்தக் காரியத்தை நீ ஒன்றுகூட மறக்காமல் சொல்லிச் சொல்லி என்னைத் திட்ட வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்க வேண்டும்.

என்றும் உன்,
போலோனா