இராசேஸ்வரி பிள்ளையைக் கூப்பிடும் விதம்

சரவணை,
பங்குனி, 1979.

அன்பு மகன் செல்வரத்தினத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது,

அம்மன் அருளால் நானும் அம்மாவும் நடமாடித் திரிகிறோம், நீயும் அந்த வெயில் நாட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். உன் போன கடிதத்தின் உறையில் இரண்டாம் தரம் பசை பூசியிருந்தது, இடையில் யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள், அதனால் இதை ஊரில் கொடுக்காமல் ஊர்காவற்றுறைக்குப் போய் நானே பெட்டியில் போடுகிறேன். என் கண்ணில் பட்ட எதுவும் சும்மா போகாது என்று உனக்குத் தெரியும். "இந்த மனுசன் தன்ரை நிழலையும் ஆர் அனுப்பினது எண்டு கேக்கும்" என்று அம்மா சொல்லுகிறாள், சொல்லட்டும்.

இது உன் மனைவி இராசேஸ்வரியைப் பற்றியது, முழுவதும் வாசித்து முடிக்காமல் யாருக்கும் ஒன்றும் எழுதாதே. நீ போகும்போது பிள்ளை தவழவும் இல்லை, இப்போது இரண்டரை வயது. காலையில் குசினி வேலை முடிந்ததும் அவள் விறாந்தையில் பாயை விரித்து அவனை இருத்தி விளையாட்டுக் காட்டுவாள். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியில் பெரியதை ஒரு சுளகிலும் சின்னதை மற்றச் சுளகிலும் போட வைப்பாள், பால்மாப் பேணிகளுக்குச் சரியான மூடியைத் தேடி மூட வைப்பாள், சிரட்டைக்குச் சிரட்டை சிந்தாமல் தண்ணீர் ஊற்ற வைப்பாள். பிள்ளையும் கெட்டிக்காரன், ஒருமுறை காட்டினால் போதும். இதில் எல்லாம் எனக்குக் குறையில்லை. ஆனால் அவள் அவனை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவனுக்கு வைத்தது என் பெயர், மாமனின் பெயரை மருமகள் சொல்லுவாளா என்று அம்மா அவளுக்காக நியாயம் பேசினாள். சரி, ராசா, குஞ்சு என்றாவது கூப்பிடலாமே, அதுவும் இல்லை. நாங்கள் கூப்பிட்டு அவன் திரும்பாவிட்டால், "விளையாட்டிலை இருக்கிறான் மாமா" என்று ஓடி வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பேச்சு வரவில்லையே என்று கேட்டால், ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் பேசும் என்று மாமியும் மருமகளும் ஒரே பாட்டு. இதற்கு மேலே அவள் மடியில் எந்நேரமும் ஒரு முடிச்சு. பின்னால் நின்று அதிலிருந்து எதையோ எடுத்து எறிவாள், பிள்ளை உடனே திரும்பி அவளிடம் ஓடுவான். பிறகு அவன் கையைத் தன் தொண்டையில் வைத்து எதையோ முணுமுணுப்பாள். இது அவள் பிறந்த நெடுந்தீவிலிருந்து கொண்டு வந்த மந்திரம், பிள்ளையை எங்களோடு ஒட்டவிடாமல் கட்டுகிறாள் என்றே நான் முடிவு செய்திருந்தேன்.

போன கிழமை அவள் கிணற்றடிக்குப் போனபோது அந்த முடிச்சு பாயில் விழுந்து கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். தகடும் இல்லை, திருநீறும் இல்லை, வெறும் புளியங்கொட்டை. பிள்ளை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிப்பி பிரித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஒரு பேணியை எடுத்து அவன் தலைக்குப் பின்னால் மூடியால் தட்டினேன், அடுத்த வளவு நாய் குரைத்தது, அவன் ஒரு சிப்பியைக்கூடச் சுளகு மாற்றிப் போடவில்லை. பிறகு ஒரு கொட்டையை அவன் முன்னால் போய் விழச் சுண்டினேன். சட்டென்று திரும்பினான், முகமெல்லாம் சிரிப்பு, அம்மா என்று நினைத்து.

அவள் வந்து என் கையில் பேணியைக் கண்டதும் குடத்தை வைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டாள். "எனக்கு எப்பவோ தெரியும் மாமா, அவருக்கு எழுதிப்போடாதேங்கோ" என்று அழுதாள். அவளுடைய அண்ணன் கந்தப்பு வன்னியில் வயல் செய்கிறான் என்று கலியாணப் பேச்சில் சொன்னார்களே, அவன் நெடுந்தீவில்தான் மாடு பார்க்கிறான், பிறவியிலேயே காது கேளாதாம். சின்ன வயதில் அவனை அவள் கொட்டை எறிந்துதான் கூப்பிடுவாளாம். தொண்டையில் கை வைப்பது, சத்தம் அங்கே அதிர்வதைப் பிள்ளை தொட்டு அறிந்து தானும் வாயைத் திறக்கட்டும் என்றுதான். எங்களுக்கு மறைத்துத்தான் கட்டித் தந்தார்கள், அதை நான் விடப்போவதில்லை, சம்பந்தியிடம் கேட்கத்தான் போகிறேன். ஆனாலும் வீட்டில் இத்தனை பேர் இருக்க, பிள்ளையின் குறையைக் கண்டு, அவனுக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாகப் பழக்கினவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த நாளே பிள்ளையை ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் யாழ்ப்பாணத்தில் காட்டச் சொல்லித் துண்டு எழுதித் தந்திருக்கிறார், இப்படிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம் இருக்கிறதாம். இப்போது நானும் பாயில் இருந்து சிப்பி பிரிக்கிறேன், அவன் கையை என் தொண்டையில் வைத்தால் பேரன் மீசையைப் பிடித்து இழுக்கிறான்.

இனி எனக்குச் சந்தேகம் உன்மேல்தான். அவள் பயப்படுவது பிள்ளையின் காதை நினைத்தல்ல, உன் கடிதத்தை நினைத்து. அவளை நெடுந்தீவுக்கே அனுப்பிவிடுங்கள் என்று எழுதுவாயோ என்று நானும் யோசித்தபடி இருக்கிறேன், நீ என் பிள்ளை, உனக்கும் என் புத்திதானே இருக்கும். அப்படி ஒரு எண்ணம் வந்தால் அதை அங்கேயே விட்டுவிடு. எனக்குப் பதில் எழுத வேண்டாம், அவளுக்கு எழுது.

நயினை அம்மன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். ஒன்றை மறந்துவிடாதே. பிள்ளை கேட்பதற்கு உன் குரலைக் கசெற்றில் பதிந்து அனுப்புவதாக எழுதியிருந்தாய். அது வேண்டாம். முகம் பெரிதாகத் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன் அப்பா,
சி. தியாகலிங்கம்