அண்ணியின் குடுவைகளில் படிந்த இரும்பு

அன்பு அண்ணிக்கு,

நீங்கள் போன பிறகும் மனதுக்குள் உங்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று ஒரு நல்ல சேதி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்துப் பாறையில் பழுப்புப் பொருக்கைச் சுரண்டி, அதிலிருந்த பூஞ்சையைப் பிரித்து வளர்த்தீர்கள். தாம்பரத்தில் உங்கள் ஆய்வகத்தைக் கோடை விடுமுறைக்குப் பூட்டியதும் குடுவைகள் நம் சமையலறை அலமாரிக்கு வந்தன. "ஊறுகாயில பூஞ்சை வரக்கூடாதுன்னு ஊரே பாடுபடுது. என் மருமக தீனி போட்டு வளர்க்குறா" என்றார் அம்மா. முதலில் சிரித்தது நீங்கள்தான்.

இரும்பு உப்பு கலந்த நீரில் அந்தப் பூஞ்சை இழைகள் பழுப்பு உறையைப் போர்த்திக்கொண்டன. இரும்புத் தாது உருவாகப் பூஞ்சை உதவுகிறது என்றீர்கள். உங்கள் ஆய்வு வழிகாட்டியோ, "காத்து பட்டாலே இரும்பு துருப்பிடிக்கும்மா. இதுக்கு எதுக்குப் பூஞ்சை?" என்று கேட்டுவிட்டார். அவருக்குப் பதில் சொல்ல மூன்று குடுவைகள் வைத்தீர்கள். மூன்றிலும் ஒரே இரும்பு நீர். ஒன்றில் உயிருள்ள பூஞ்சை, ஒன்றில் கொதிக்கவைத்துக் கொன்ற பூஞ்சை, மற்றதில் எதுவுமில்லை.

அதற்குள் மஞ்சள் காமாலை உங்களைப் படுக்கையில் தள்ளியது. ஆஸ்பத்திரியில், "கலர் மாறிச்சா சுமதி?" என்றீர்கள். உங்கள் கண்ணின் மஞ்சளைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்டது குடுவையை.

உங்கள் காரியம் முடிந்ததும் அண்ணன், "என்னால அந்தக் குடுவைங்களைப் பார்க்க முடியல, கொட்டிடுங்க" என்றான். அம்மா விடவில்லை. "இருக்கட்டும்டா. அவ பார்த்துப் பார்த்து வளர்த்தது."

வேதியியல் படித்துக்கொண்டிருந்த நான் அவற்றை என் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். பூஞ்சை இல்லாத குடுவையின் அடியில் கொஞ்சம் மஞ்சள் வண்டல், அவ்வளவுதான். உயிருள்ள பூஞ்சையின் இழைகளில் கெட்டியான பழுப்பு உறை. அந்த உறையைக் கிண்டியில் ஓர் ஆய்வகத்தில் எக்ஸ்ரே சோதனைக்குக் கொடுத்தேன். படிகமான இரும்புத் தாது என்று முடிவு வந்திருக்கிறது, அண்ணி.

ஒன்றில் மட்டும் நீங்கள் தவறு. உயிர் இருந்தால்தான் படியும் என்றீர்கள். இறந்த இழைகளிலும் இரும்பு படிந்திருந்தது. குறைவாக, படிகமாகாமல், ஆனால் படிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. நீங்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

உங்கள் வழிகாட்டி நான் எடுத்த நுண்ணோக்கிப் படங்களை இரண்டு முறை பார்த்தார். "கட்டுரையா எழுதும்மா. முதல் பேரு உங்க அண்ணியோடது" என்றார்.

எழுதுகிறேன். ஆனால் ஒரு பாறை போதாது. மழை விட்டதும் கூடுவாஞ்சேரிப் பக்கத்துச் செம்பாறைகளில் தேடப் போகிறேன். புளிசாதம் கட்டிக்கொண்டு அம்மாவும் வருகிறாராம். "பூஞ்சை எப்படியிருக்கும்னு எனக்கும் தெரியும்டி" என்கிறார். நீங்கள் கேட்டுவிட்டுப் போன கேள்வியை நாங்கள் இருவரும் விடமாட்டோம், அண்ணி.

உங்கள் நாத்தனார்,
சுமதி