ஆபரேஷன் அறைக்கு ஒரு டைம்பீஸ்

காஞ்சிபுரம்
4-7-1967

அன்புள்ள அத்தானுக்கு, மேரியின் ஸ்தோத்திரம்.

நம் வீட்டு அலாரம் டைம்பீஸை உடனே அனுப்புங்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக் கடிகாரம் நின்று ஏழு மாதமாகிறது. கை கழுவும்போது ரிஸ்ட்வாட்சையும் கழற்றிவிடுகிறோம். கால் ஆபரேஷனில் ரத்தம் பெருகாமலிருக்கத் தொடையில் ரப்பர் பட்டை இறுக்குவோம். ஒரு மணி நேரத்தில் தளர்த்தி, சதைக்கு ரத்தம் ஓடவிட்டுத்தான் மறுபடி கட்டவேண்டும். மார்ச்சில் டாக்டர் வேலை மும்முரத்தில் இரண்டரை மணி நேரமாக்கிவிட்டார். திருமுக்கூடல் முனிசாமிக்குப் பாதம் செத்துத் தொங்குகிறது. "எலும்பு ஒட்டிக்கிச்சும்மா, கால் எங்கமா போச்சு?" என்று என்னைக் கேட்கிறார்.

பதினெட்டாம் தேதி கோதண்டபாணி என்கிற நெசவாளருக்கு ஆபரேஷன். தறி மிதிக்கிற கால். புதுக் கடிகாரம் கேட்டால் ஸ்டோர் கிளார்க்கோ, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்கிறார். கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

உங்கள் மேரி

அரக்கோணம்
8-7-1967

மேரிக்கு,

ஹோட்டல் சாப்பாட்டில் எவ்வளவு நலமோ அவ்வளவு நலம். டைம்பீஸ் தரமுடியாது. காலை நாலரை ரயில்வே டியூட்டிக்கு என்னை யார் எழுப்புவது? பெண்டாட்டியா? அவள்தான் இரண்டு வருஷமாக ஊரார் காலைக் கட்டிக்கொண்டு அங்கே கிடக்கிறாளே! ராஜினாமா எழுதிக் கொடு. கடிகாரக் கவலையும் தீரும்.

தேவசகாயம்

காஞ்சிபுரம்
11-7-1967

அத்தானுக்கு,

நான் ராஜினாமா செய்தால் உங்களுக்குச் சோறு கிடைக்கும். கோதண்டபாணிக்குக் கால் கிடைக்குமா? உங்களிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். இனிக் கேட்கமாட்டேன்.

மேரி

அரக்கோணம்
15-7-1967

மேரிக்கு,

காஞ்சிபுரம் ரயிலில் வரும் கார்டு பரசுராமன் கையில் டைம்பீஸ் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் முந்தும். தினமும் சாவி கொடு. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே.

தேவசகாயம்

காஞ்சிபுரம்
19-7-1967

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று சரியாக ஒரு மணி நேரத்தில் அது அலறியது. "யாருய்யா அது?" என்று டாக்டர் எரிந்து விழுந்தார். பட்டையைத் தளர்த்தச் சொன்னேன். முறைத்துக்கொண்டே தளர்த்தினார். வெளுத்துக் கிடந்த கால் சிவந்தது. இன்று காலை கோதண்டபாணி கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டேன்.

டைம்பீஸ் இனித் திரும்பி வராது. டாக்டரே அதை வைக்கச் சுவரில் பலகை அடித்துவிட்டார். எழுப்ப ஆள் வேண்டுமானால் நீங்கள் இந்த ஊருக்கு மாற்றல் கேளுங்கள். நாலு மணிக்கு நானே எழுப்புகிறேன்.

உங்கள் மேரி

அரக்கோணம்
22-7-1967

அன்புள்ள மேரிக்கு,

இன்று டியூட்டிக்கு முக்கால் மணி லேட். மெமோ கொடுத்தார்கள். பதிலோடு மாற்றல் மனுவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். போதுமா?

அந்தத் திருமுக்கூடல்காரர் இப்போது எப்படி நடக்கிறார்? எழுது.

உன் தேவசகாயம்