ஐந்துக்கு மேலே, ஐந்தரைக்குக் கீழே

ஜூன் 9, திங்கள்

மழை. மஞ்சள் அலர்ட். எங்கள் முதல் ஆல்பத்தின் பெயரும் 'மஞ்சள் அலர்ட்'தான், ஆக வானிலைக்காரர்கள் இலவசமாக விளம்பரம் செய்கிறார்கள். ஏழு பாட்டு. வெள்ளிக்கிழமை வெளியீடு. புதன் மதியத்துக்குள் இணையத்தில் ஏற்றியாக வேண்டும்.

குழு என்றால் இரண்டே பேர். பெயர் 'கருப்பட்டி'. நான் சிந்தசைசர். பாடுவதும் வரிகள் எழுதுவதும் சுதா (இனி சு., பேனாவில் மை குறைவு). ஒலிப்பதிவு ஆரியசாலையில் எங்கள் மொத்த வியாபாரக் கடை மாடியில், கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவே. சிப்பம் அடுக்கிய அறையில் எதிரொலி கிடையாது. எறும்பு உண்டு. இன்று காலையும் கீபோர்டுக்குள்ளிருந்து ஒரு படையை ஊதி வெளியேற்றினேன்.

அப்பாவுக்குக் குழுவின் பெயரில் பரம திருப்தி. "நம்ம கடைக்கு வெளம்பரம்தானலே? போன் நம்பரையும் சேத்துப் போட்டுரு."

பதினொரு மணி வரை எல்லாம் சந்தோஷம். அப்புறம் கொச்சியிலிருந்து அருண். மிக்ஸிங் செய்கிறவர். நான்காம் பாட்டுக்குக் கிடார் சேர்க்க உட்கார்ந்தாராம், சேரவில்லையாம். "மணி, இது ஏது நாட்டு டியூனிங்? ஏழு பாட்டும் ஒரே அளவுக்கு மேலே நிக்குது மோனே."

ஏழும். பதினொரு மாத வேலை. ஒரு சிப்பம் கேட்ட ஆளுக்கு இரண்டை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் காரணம் தெரிந்தது. காரணம் நான். முதல் நாள் சு. தன் வீட்டுச் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தாள், அது இல்லாமல் அவளுக்குப் பாட வராது. நான் சிந்தசைசரின் பின்பக்கக் குமிழைத் திருகி அந்தப் பெட்டியோடு சேர்த்தேன். உலகத்தில் மற்றவன் எல்லாம் டியூனரை நம்புகிறான். நான் பெட்டியை நம்பினேன். பெட்டியின் குமிழோ எப்போதோ உடைந்தது. ஐந்து கட்டைக்கு மேலே, ஐந்தரைக்குக் கீழே ஓர் இடத்தில் நிற்கிறது. நகராமலிருக்க சு. அதில் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறாள். எந்தக் கிடாரும் பியானோவும் நிற்காத இடம் அது.

சு.விடம் சொன்னேன். இரண்டு நிமிடம் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். சட்டை காய்ந்தது.

அருண் ஏழு பாட்டையும் சரியான சுருதிக்கு இறக்கி அனுப்பிவிட்டார். "ஒரு பட்டன் காரியம்தான்." கேட்டேன். சுத்தமாக இருக்கிறது. கிடாரும் சேருகிறது. சு. கழக்கூட்டத்து ஆபீஸ் முடிந்து நேராக மாடிக்கு வந்தாள். ஹெட்போனை மாட்டி ஏழையும் கேட்டாள்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா இது நானில்லை. சளி பிடிச்ச யாரோ."

பிரமை என்றேன். விவரம் தெரிந்தவன் ஒருத்தன் பழையதைக் கேட்டால் போதும், நம் மானம் கப்பலேறும் என்றேன்.

"மானம் உன்னோடது. குரல் என்னோடதாக்கும்."

பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். தின்றாள், மன்னிக்கவில்லை. பழையதா, இறக்கியதா? நாளை மதியம் கெடு.

இன்னொரு பயம். சு.வின் அம்மாவுக்கு ஆல்பம் பற்றி ஒன்றும் தெரியாது. மாமி கோட்டைப் பகுதியில் வீட்டிலேயே பாட்டு வகுப்பு நடத்துகிறவர். மூன்று வருஷத்துக்கு முன் சு. கச்சேரியே வேண்டாம் என்று நிறுத்தியதிலிருந்து அம்மாவும் பெண்ணும் பாட்டைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. ஞாயிறுதோறும் பெட்டியைத் தூக்கி வர அவள் சொல்லும் பொய்: ஆரியசாலையில் ஒரு குழந்தைக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறாள். அந்தக் குழந்தை நான். வயது முப்பத்தொன்று. தாடி உண்டு. போன மாதம் மாமி குழந்தைக்கு முறுக்கு கொடுத்தனுப்பினார். நல்ல முறுக்கு.

ஜூன் 11, புதன்

தூறல்.

குமிழை மாற்றித் தருகிறேன் என்று ஞாயிறன்று பெட்டியை நான்தான் வாங்கி வைத்திருந்தேன். மாற்றவில்லை. காலையில் சு. போன்: "அம்மாக்கு கிளாஸுக்குப் பெட்டி வேணுமாம். கொண்டு குடுத்துடு. யாருன்னு கேட்டா ரிப்பேர்காரன்னு சொல்லு."

கிழக்கேகோட்டையில் பஸ் நகரவில்லை. இறங்கி நடந்தேன். கூடத்தில் மாமி, எதிரே மூன்று சிறுமிகள்.

"சரியாச்சோ?"

"நாளைக்கு வந்து மாத்தித் தாரேன் மாமி."

மாமி பெட்டியைப் போட்டார். அந்த நேரம் பார்த்து என் போன். அடித்தது அருண். ரிங்டோன் எங்கள் முதல் பாட்டு, பழையது, எடுத்த எடுப்பில் சு.வின் குரல். பைக்குள் கை விட்டால் டிபன் டப்பா வருகிறது, குடை வருகிறது, போன் வரவில்லை. சிறுமிகள் சிரித்தார்கள்.

"அணைக்க வேண்டாம்," என்றார் மாமி. தானாக நிற்கும்வரை கேட்டார்.

"சேர்றதே." பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "இது நம்மாத்து சுருதியாக்கும். ஊர்ல வேற எங்கயும் கிடையாது. சுதாவா பாடறா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா மாமி."

"இன்னும் இருக்கோ?"

பதற்றத்தில் நான்காம் பாட்டைப் போட்டேன். இறக்கியதை. அரை நிமிடத்தில் மாமியின் முகம் சுருங்கியது.

"இதென்ன, சளியோ அவளுக்கு? குரலைப் பிடிச்சுக் கீழ இழுத்து வெச்சிருக்கு. யாரு பண்ணினா?"

"நான்தான் மாமி."

"நீ யாரு?"

"ஆரியசாலைக் குழந்தை."

மாமி என் தாடியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "முறுக்கெல்லாம் நீயா தின்னே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது அப்படியே சு.

தெருவில் நின்றே அருணைக் கூப்பிட்டேன். ஏழும் பழையதுதான், ஏற்றுங்கள். "ரெண்டு பேருக்கும் வட்டு," என்றார், பைத்தியம் என்பதை அன்பாக. "சரி, இனி கிடாரை மேல ஏத்த ஒரு பட்டன்."

அடுத்து சு. நடந்ததைச் சொன்னேன்.

"அம்மா என்ன சொன்னா?"

"சேருதுன்னு சொன்னாங்க."

போனில் விசும்பல். ஆபீஸில் உட்கார்ந்து அழுகிறாள். நான் தெருவில் நின்று சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தேன். எதிரே லாட்டரி விற்கிறவர் ஆறுதல் பரிசு போல ஒரு சீட்டை நீட்டினார்.

ஜூன் 12, வியாழன்

வெயில். பல் டாக்டர், கடைவாய். பாதி முகம் மரத்துப்போய்க் கடையில் உட்கார்ந்தேன். அப்பா: "இன்னைக்காவது பேசாம இருக்கியே."

சு. வீட்டில் திட்டு விழவில்லையாம். காலையில் மாமி பெட்டியைப் போட்டு, "நாலாம் பாட்டு, சளி இல்லாம," என்றாராம். மூன்று வருஷத்துக்கு அப்புறம். பாடி முடித்ததும் மாமி காப்பி கலக்கப் போய்விட்டாராம். சு.வுக்கு அது போதும். எனக்கும்.

ஜூன் 13, வெள்ளி

வெளியாகிவிட்டது. கனமழை, ஆரஞ்சு அலர்ட். ஆல்பத்தை விட ஒரு படி மேலே.

அப்பா கடை ஸ்பீக்கரில் போட்டார். சுமை இறக்குகிறவர்கள் இரண்டாம் பாட்டுக்குச் சிப்பத்தில் தாளம் தட்டினார்கள். மூன்று பாட்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பா: "போன் நம்பர் எப்பலே வரும்?"

மாலை சு. வந்தாள். கையில் முறுக்கு டப்பா, கூடவே மாமியின் உத்தரவு: பெட்டிக் குமிழை யாரும் தொடக் கூடாது. வாங்கி வைத்த புதுக் குமிழை இழுப்பறையில் போட்டேன். சு. பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்தாள். சிந்தசைசரைத் திருப்பி, பின்பக்கக் குமிழில் ஒரு சொட்டு. ஊதினாள். எறும்பு ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது.

காயும்வரை தொடக் கூடாதாம். காய்ந்த பிறகும்.