கேன்டீன் வைஃபை

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

நண்பன் சேகரின் அப்பா தவறிவிட்டார். நான்கு மணிக்கு எடுப்பதாக இருந்தது. வேலையிலிருந்து பாதியில் கிளம்பி, சுங்கை சிப்புட்டில் அவன் வீட்டு வாசலில் போய் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"மழை வர மாதிரி இருந்துச்சு, ரெண்டுக்கே எடுத்துட்டாங்க. வாட்சப்ல சொன்னோமே லா, பாக்கலையா?" என்றார் சேகரின் அக்கா.

எங்கே பார்ப்பது? இந்தச் சனியன் போன் ஃபேக்டரி கேன்டீன் வைஃபையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சிக்னல் கோடு முழுசாக இருந்தது, நெட் துளியும் இல்லை. என் டேட்டா சும்மா கிடந்தது. ஃபேக்டரி கேட்டைத் தாண்டியதும் மெசேஜ் எல்லாம் மொத்தமாக வந்திருக்கிறது. மோட்டார் ஓட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

வைஃபையை அணைத்துவிட்டேன். சேகரின் கடைசிச் செய்தியை இப்போதுதான் திறந்தேன்.

"மச்சான், ஒரு பக்கம் தோள் குடுக்க நீ வருவேன்னு நிக்கிறோம்."

அவன் போனில் இப்போது நீல டிக் விழுந்திருக்கும்.